பாடத்திட்டத்தில் இல்லாத நாடு

எங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு பன்னாட்டு வணிகத்தில் தனிப் பட்டப்படிப்பு தொடங்குகிறார்களாம். இப்போது துறைத்தலைவராக இருப்பவர் என்னிடம் படித்தவர். போனில் அழைத்தார். "மேடம், தொடக்க விழா மலருக்கு நீங்க ஒண்ணு எழுதணும். உலக வணிகம் நம்ம துறையில எப்படி வளந்துச்சுன்னு. வாழ்த்தா இருந்தா நல்லது" என்றார். கூடவே விளம்பரத் தாளையும் அனுப்பியிருந்தார். உலக உருண்டை, அதைச் சுற்றிப் பறக்கும் விமானம், கோட்டு போட்ட ஒரு பையன், எதற்கென்று தெரியாமல் சிரிக்கிற ஒரு பெண். போடிநாயக்கனூர் வெயிலில் கோட்டு போட்ட ஆள் என்று என் பணிக்காலம் முழுவதும் நான் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவரை விட்டுவிட்டு எங்கள் துறையின் வளர்ச்சியை எழுத முடியாது. அவரைச் சேர்த்து எழுதினால் அது வாழ்த்தாக வராது. வருவது வரட்டும்.

உலகமயமாக்கல் என்ற சொல் எங்கள் வகுப்பறைக்கு வந்தது தொண்ணூறுகளில். சொல் வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே சங்கதி குரங்கணி மலையேறி, இருந்ததைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. அதைப் பாடமாக நடத்தியவர்கள் அது வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

நான் உத்தமபாளையத்துக்காரி. எம்.காம். படித்தது மதுரையில். வகுப்பில் பெண்கள் நானும் இன்னொருத்தியும். பன்னாட்டு வாணிபம் என்று ஒரு தாள் உண்டு. அந்தத் தாளின்படி உலகத்தில் இரண்டே நாடுகள். இங்கிலாந்து துணி நெய்யும், போர்ச்சுகல் ஒயின் காய்ச்சும். இரண்டும் மாற்றிக்கொண்டால் இரண்டுக்கும் லாபம். அதை மனப்பாடம் செய்து எழுதினேன், நல்ல மதிப்பெண் கிடைத்தது, போடியில் வேலையும் கிடைத்தது. படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

எழுபதுகளில் அந்த ஊருக்கு வந்து இறங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் பஸ் ஸ்டாண்டிலேயே ஏலக்காய் மணக்கும். மலையிலிருந்து ஜீப்பு ஜீப்பாக மூட்டை இறங்கும். ஜவுளிக் கடையில் அரபு எழுத்துப் போட்ட காலண்டர் தொங்கும். குவைத்துக்காரன் காப்பியில் என்ன போட்டுக் குடிக்கிறான் என்பது டீக்கடையில் பேச்சாக இருக்கும். கல்லூரி மதிலுக்கு வெளியே நடந்தது அத்தனையும் பன்னாட்டு வணிகம். மதிலுக்கு உள்ளே போர்ச்சுகல்.

அப்போதைய எங்கள் துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயரும் அதுதான். போர்ச்சுகல் சார். சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் பெயரில் ஓர் அறக்கட்டளைப் பரிசு இருக்கிறது, வாங்கும் பிள்ளைகள் சங்கடப்படுவார்கள்.

சாம்பல் நிறக் கோட்டு. சித்திரையிலும் கழற்ற மாட்டார். வகுப்புக்கு முன்னால் பியூன் வந்து ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைக்க வேண்டும். அது காயும்வரை சார் வாசலில் நிற்பார். கையில் தூசி படாமல் சாக்பீஸைத் தாளில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் ஒரு துணிச்சுருளும் வலது பக்கம் ஓர் ஒயின் குப்பியும் வரைவார். குப்பியை மட்டும் மிக அழகாக வரைவார். பிறகு பழுப்பேறிய குறிப்புகளைப் பிரித்து வாசிப்பார், பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். "கமா" என்பார். "அடுத்த பத்தி" என்பார். ஒருமுறை நடுவில் ஒருவன் தும்மியபோது, தலையைத் தூக்காமல் "அது வேண்டாம்" என்றார்.

கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இது சிலபஸ்ல இருக்கா?" என்பார். "இல்ல சார்" என்று கேட்டவனே சொல்ல வேண்டும். "அப்ப உக்காரு." அவ்வளவுதான். அவருக்கு ஒரு விஷயம் தெரியாது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆய்வேட்டுத் தலைப்புகளையும் அவரே தருவார். "இந்தியாவின் தேயிலை ஏற்றுமதி, ஓர் ஆய்வு", "இந்தியாவின் சணல் ஏற்றுமதி, ஓர் ஆய்வு" என்று வரிசையாக வரும். சரக்கு தீர்ந்ததும் மறுபடி தேயிலை. முடிவுரை எல்லா ஏட்டிலும் ஒன்றுதான், "எதிர்காலம் பிரகாசமாக உள்ளது." தட்டச்சு செய்து கொடுக்கும் பெரியவர் அந்தக் கடைசிப் பத்தியைக் கையெழுத்துப் பிரதி இல்லாமலே அடித்துவிடுவார்.

எழுபதுகளின் பின்பாதியில், ஏலக்காய் விலை ஏறிக்கொண்டே போன காலத்தில், முதுகலை மாணவர்களை ஏல மையத்துக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டேன். கண்ணாடி துடைக்கப்பட்டது. கடைசியில், அவரும் கூட வருவதாக இருந்தால் போகலாம் என்று முடிவானது.

ஏலம் நடக்கும் கூடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மூட்டையின் மாதிரியும் தட்டில் வரிசையாக வரும். வியாபாரிகள் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, மிச்சத்தைத் தரையில் வீசிவிட்டு விலை கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் தரையெல்லாம் ஏலக்காய். சார் கோட்டைப் பிடித்துக்கொண்டு, மிதிபடாத இடம் தேடிக் கொக்கு மாதிரி நடந்தார். அந்தக் கூச்சலில் பிள்ளைகளைப் பார்த்து, "இதுதான் சந்தை. தேவை, அளிப்பு. பாத்தாச்சா, போகலாமா?" என்றார்.

முருகேஸ்வரி மட்டும் நகரவில்லை. ராசிங்காபுரத்துப் பெண். அவள் அப்பா பெருமாள்சாமிக்கு ஊரில் கிணற்றுத் தோட்டம், குரங்கணிக்கு மேலே சரிவில் துண்டாகக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். சின்ன வயதிலிருந்து மூட்டையோடு வந்து பழகியவள் என்பதால், நெடுநாளாக ஏற்றுமதிக்கு வாங்கும் வியாபாரி ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் பட்டிருக்கிறது. நேராகப் போய்க் கேட்டாள்.

"என்னண்ணே, கேக்காம உக்காந்திருக்கீக?"

"கெட்டிக் காய் மட்டும் எடுக்கச் சொல்லிருக்காக தாயி. சின்னக் காய்க்கு அங்க வேற சரக்கு வருதாம்."

"எந்த ஊருச் சரக்கு?"

"என்னமோ மாலான்னாங்க. வாயில நுழைய மாட்டேங்குது."

சார் காதில் இது விழுந்தது. "வியாபார வதந்தி" என்றார். "ஏலக்காய் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக்குன்னே கடவுள் கொடுத்தது. எழுதிக்கங்க." பிள்ளைகள் நின்றபடியே எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரமே முருகேஸ்வரி என் மேசைக்கு வந்தாள். "மிஸ், அது குவாத்தமாலா. அட்லாஸ்ல பாத்துட்டேன். நான் அதைத்தான் ஆய்வுக்கு எடுக்கப் போறேன்." அவளுடைய தாய்மாமன் குவைத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். அவருக்கு எழுதிப் போட்டு, அந்தக் கடையில் எந்த நாட்டுக் காய் எவ்வளவு போகிறது, யார் எதை வாங்குகிறார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டாள். அவரும் ஊருக்கு வருகிறவர்கள் கையில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கடைச் சரக்கையே கொடுத்து அனுப்பினார். நான் நெறியாளர் என்று பெயர். உண்மையில் நான் செய்தது, அவளுடைய ஆங்கிலத்தில் ஒருமை பன்மை பார்த்தது மட்டும்தான்.

தலைப்பை ஒப்புதலுக்கு எடுத்துப் போனேன். சார் படித்துவிட்டு, "ஆப்பிரிக்கா பத்தி நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கும்மா?" என்றார்.

"அது மத்திய அமெரிக்கா சார்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "எங்க இருந்தா என்ன, சிலபஸ்ல இல்ல." ஆனாலும், தேயிலையும் சணலும் அந்த ஆண்டு வேறு மாணவர்களுக்குப் போய்விட்டதால், "இந்தியாவின் ஏலக்காய் ஏற்றுமதி, ஓர் ஆய்வு" என்று தலைப்பை மாற்றிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அவள் எழுதியது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. வெளிநாட்டுக் காய் மலிவு. தரமும் வருடத்துக்கு வருடம் கூடுகிறது. வாங்குகிறவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத நாள் வரும். அன்றைக்கு அரபு நாடுகளில் நம் சந்தை விழும், அதோடு விலையும் விழும். இப்போது விலையைப் பார்த்து மலையில் நிலம் வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும். அவள் யாரை நினைத்து அந்தக் கடைசி வரியை எழுதினாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவள் அப்பா கிணற்றுத் தோட்டத்தை விற்றுவிட்டு, குரங்கணிக்கு மேலே பெரிய தோட்டம் ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருந்தார்.

பேச வைத்தது வேறு யாருமல்ல. அந்த நாட்களில் விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்குச் சிறப்புரையாற்ற எங்கள் சாரைக் கூப்பிட்டிருந்தார்கள். போனார், கோட்டோடு. "ஏலக்காய் இந்தியாவின் ஏகபோகம். உலக வரைபடத்தில் எந்த நாடும் இதை அசைக்க முடியாது. பயமில்லாமல் முதல் போடுங்கள்" என்று பேசினார். கைதட்டல் ஓயவில்லை. முன்வரிசையில் இருந்த பெருமாள்சாமி அந்த வாக்கியத்தை வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாராம். மகள் மறுத்துப் பேசியிருக்கிறாள். "உன் வாத்தியாருக்கே வாத்தியாரு சொல்றாரு ஆத்தா. உன் ஏட்டை அவுகளும் ஒத்துக்கிட்டா நான் நிறுத்திர்றேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆக, வாய்மொழித் தேர்வுக்கு அவள் வந்தபோது கையில் இருந்தது பட்டம் மட்டுமல்ல, கிணற்றுத் தோட்டமும்தான். அது அந்த அறையில் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

வெளித்தேர்வாளர் வருகிறார் என்றால் எங்கள் துறை கல்யாண வீடாகிவிடும். நாற்காலிக்குப் புதுத் துண்டு, மேசைக்கு விரிப்பு, முந்திரி, பக்கோடா, காப்பி. எல்லாவற்றுக்கும் மேலாக, பொறுக்கி எடுத்த கெட்டி ஏலக்காய் ஒரு பொட்டலம், பச்சை ரிப்பன் கட்டி. வாய்மொழித் தேர்வு எவ்வளவு நேரம் நடந்தாலும் வெளித்தேர்வாளரின் கண் ஒரு தடவையாவது அந்த ரிப்பனுக்குப் போய் வரும். அன்று வந்தவர் பெரிய நகரத்துப் பேராசிரியர், பருமனானவர், எதைச் சொன்னாலும் "இயற்கையாகவே" என்று முடிப்பவர். காலையிலிருந்து தேயிலைக்கும் சணலுக்கும் எதிர்காலம் இயற்கையாகவே பிரகாசமாக இருந்தது.

முருகேஸ்வரி உள்ளே வந்து, இரண்டு சின்னக் கிண்ணங்களை மேசையில் வைத்தாள். இரண்டிலும் ஏலக்காய். தேர்வாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. அவள் பேசத் தொடங்குமுன்பே ஒரு கிண்ணத்திலிருந்து நாலைந்து காயை எடுத்து, கசக்கி, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடா. இதுதான் போடி ஏலக்காய். இந்த மணம் வேற எந்த மண்ணுக்கு வரும்? இயற்கையாகவே நம்ம மலைக்கு உள்ள வரம் இது."

எங்கள் சாரும் ஒன்றை எடுத்து முகர்ந்து, "சந்தேகமென்ன" என்றார்.

முருகேஸ்வரி என்னைப் பார்த்தாள். அவள் அதை ஒரு பொறியாக வைக்கவில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆய்வுரை முடிந்த பிறகு, எது எது என்று சொல்லிக் காட்டுவதற்காகத்தான் கொண்டுவந்திருந்தாள். இப்போது என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். பிறகு, இதற்கு மேல் மறைத்தால் தப்பு என்று நினைத்தவள் போல, மெதுவாகச் சொன்னாள்.

"சார், அது குவாத்தமாலா. குவைத்துக் கடையில வாங்கினது. இந்தக் கிண்ணத்துல இருக்கறதுதான் எங்க காய், குரங்கணி."

தேர்வாளர் கையில் இருந்ததைக் கிண்ணத்தில் போடாமல், மேசை விரிப்பில் உதறினார்.

"பரிசோதனையா? எனக்கா?"

"இல்ல சார். இதைத்தான் எழுதிருக்கேன். வாங்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாமப் போயிரும்னு. நீங்களே..."

"நீங்களே"க்கு முன்னாலேயே நிறுத்தியிருக்கலாம். அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டாள்தான். ஆனால் மிச்சம் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

எங்கள் சார் கண்ணாடியைக் கழற்றினார். "பொட்டலத்தை மோந்து பாத்துச் சொல்றதுக்குப் பேரு ஆய்வா? எந்தப் புத்தகத்துல இருக்கு இது? மேற்கோள் எங்க?"

"புத்தகத்துல இன்னும் வரல சார். கடைக்கு வந்துருச்சு."

அதற்குப் பிறகு நடந்ததைத் தேர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துணியும் ஒயினும் கேட்டார்கள், சொன்னாள். அந்நியச் செலாவணி கேட்டார்கள், சொன்னாள். சரியாகச் சொல்லச் சொல்ல இருவருக்கும் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் தேர்வாளர் ஏட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "முடிவுரையை மாற்றி, இந்தியாவின் எதிர்காலம் பற்றி நம்பிக்கையோடு எழுதிக்கொண்டு அடுத்த முறை வரட்டும்."

"எதை சார் மாத்தணும்? எது தப்பு?" என்று அவள் கேட்டாள்.

அவளை வெளியே அனுப்பிய பிறகு நான் பேசினேன். இருப்பதிலேயே உழைத்து எழுதிய ஏடு இது ஒன்றுதான், இதைத் திருப்பி அனுப்பினால் மற்றதையெல்லாம் எரிக்க வேண்டும் என்றேன். மதிப்பெண் தாளில் நான் உடன்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சார் அதை எடுத்துப் பார்த்தார். "இந்தக் கட்டம் மதிப்பெண்ணுக்கு மட்டும்மா. கருத்து எழுத இடம் கிடையாது" என்று சொல்லி, வேறு தாள் அடித்துவரச் சொன்னார். புதுத் தாளில் என் கையெழுத்துக்கான கோடே இல்லை. போகும்போது தேர்வாளர் பச்சை ரிப்பன் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அது எந்த நாட்டுக் காய் என்று அவர் கேட்கவில்லை.

மறுஞாயிறு பஸ் பிடித்து ராசிங்காபுரம் போனேன். கிணற்று மேட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெருமாள்சாமி கட்டிலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மரியாதையான மனிதர். நான் சொன்னது முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"டீச்சரம்மா, நீங்க வந்ததே பெரிசு. ஆனா ரெண்டு பெரிய படிப்புப் படிச்சவுக தப்புன்னு சொல்லிட்டாக. இவளும் நீங்களும் சரிங்கறீக. நான் யாரை நம்ப?"

"யாரையும் நம்ப வேணாங்கய்யா. அவங்க ரெண்டு பேரும் ஏலக்காய் வாங்கப் போறதில்ல. வாங்கறவன் குவைத்துல இருக்கான். அவன் என்ன வாங்கறான்னு உங்க மச்சினரே எழுதிருக்காரு."

"அவன் கடைப் பையன்மா. இவரு பேராசிரியரு."

முருகேஸ்வரியின் அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர், வாளியைக் கீழே வைத்தார். "இந்தக் கெணத்துத் தண்ணிலதான் இவ படிச்சா. இதை வித்துட்டு மானத்து மழையப் பாத்துப் பொழைக்கணுமா?"

"நீ சும்மா இரு" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். மகளைப் பார்த்தார். "பரிட்சை வச்சாக. நீ தோத்துட்ட. வாக்கு வாக்குதான் ஆத்தா."

முருகேஸ்வரி அழவில்லை. "தோத்தது நானில்லய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தப் போனாள்.

பத்திரம் பதிவானது. அந்தக் குடும்பம் மலைக்குக் குடிபோனது. ஏட்டை மாற்றி எழுதிக்கொண்டு அடுத்த முறை வா என்று அவளுக்கு நான் சொல்லியனுப்பினேன். வரவில்லை. அப்பாவோடு தோட்டத்தில் நின்று வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

என்னை அந்த ஆண்டு கடைசிப் பாடவேளைகளுக்கும் மாணவர் விடுதிக் கணக்குக்கும் மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் கல்லூரியில் எதையும் அதன் பெயரால் சொல்லும் வழக்கம் கிடையாது.

பிறகு விலை இறங்கத் தொடங்கியது. முதலில் "இறங்கித்தான் ஏறும்" என்றார்கள். அடுத்த பருவத்திலும் இறங்கியது. ஏல மையத்தில் ஏற்றுமதி வியாபாரிகளின் நாற்காலிகள் காலியாகின. அதன் பின்னால் வந்தது அந்தப் பெரிய வறட்சி. நிழல் மரமே இலை உதிர்த்த வருடம், செடி என்ன செய்யும்? காய் இல்லாததால் விலை மறுபடி எகிறியது, விற்கத்தான் யாரிடமும் ஒன்றுமில்லை. செடி தேறிக் காய்த்தபோது குவாத்தமாலாக்காரன் சந்தையை நிரப்பியிருந்தான். விலை இருந்தபோது காய் இல்லை, காய் வந்தபோது விலை இல்லை. பெருமாள்சாமி தோட்டத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு இறங்கினார். கிணற்றுத் தோட்டம் வேறு ஒருவர் கையில் வாழைத்தார் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் ஒருநாள் போடி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நானாக ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவரே வந்தார்.

"டீச்சரம்மா, அந்த ஊரு எங்கிட்டு இருக்கு?"

"எந்த ஊருங்கய்யா?"

"அதான், குவாத்தமாலா."

கடல் தாண்டி, அதற்கும் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தத் திசையைப் பார்த்தார். "அவனும் நம்மளாட்டம் மழையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க சம்சாரிதான. அவன் மேல என்ன கோவம்?" என்றார்.

எங்கள் சாருக்கு இதனால் ஒரு குறைவும் வரவில்லை. முதல்வரானார். தலைநகரில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் "குவாத்தமாலாவின் சவால்" என்று கட்டுரை வாசித்துவிட்டு வந்தார். "இந்த ஆபத்தை நான் அப்பவே உணர்ந்தேன்" என்று பணியாளர் கூட்டத்தில் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். புதிய பாடத்திட்டத்தில் பன்னாட்டு வணிகம் தாளில் அதற்கென்று ஓர் அலகு சேர்த்தார்கள். இப்போது பிள்ளைகள் குவாத்தமாலாவைக் கமாவோடும் அடுத்த பத்தியோடும் எழுதிக்கொண்டார்கள். கரும்பலகையில் துணியும் ஒயினும் அப்படியே இருந்தன.

எண்பதுகள் முடியும் தறுவாயில் முருகேஸ்வரி என்னைத் தேடி வந்தாள். போடியில் ஓர் ஏலக்காய் கம்பெனியில் தரம் பிரிக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தாள். ஆள் கறுத்து, குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

"மிஸ், ஏட்டை மறுபடி குடுக்க முடியுமா?"

"இப்ப எதுக்கும்மா? சம்பளம் கூடுமா?"

"அதெல்லாம் இல்ல. எங்கய்யாதான் விடமாட்டேங்கறாரு. 'நீ சொன்னது சரின்னு அவுக கையால எழுதி வாங்கிட்டு வா'ங்கறாரு. தெனமும் இதே பேச்சு."

இவ்வளவு வருடம் கழித்து ஏடு கொடுக்க முதல்வரின் சிறப்பு அனுமதி வேண்டும். அழைத்துப் போனேன். கோட்டு அதேதான், உள்ளே ஆள்தான் சுருங்கியிருந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் முதலில் கேட்ட தலைப்போடு இருந்த விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "குவாத்தமாலாவா! காலத்துக்கு ஏத்த தலைப்பு. உன்னை மாதிரிப் பொண்ணுங்கதான் இந்த மாதிரி புதுத் துறைக்கு வரணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவள் நன்றி சொன்னாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் இளைஞர், நேர்மையாகவே கேட்டார். களத்திலிருந்து எடுத்த விவரம் உறுதியாக இருக்கிறது, வாதம் தெளிவாக இருக்கிறது என்றார். முதல்வர் சும்மா பார்க்க வந்தவர், தானும் ஒரு வார்த்தை சொல்ல ஆசைப்பட்டார். "பாத்தீங்களா, அனுபவம் வந்தாத்தான் இப்படி எழுத வரும். படிச்சு முடிச்ச கையோட எழுதச் சொன்னா வராது."

முதல் வகுப்பு.

படியிறங்கும்போது கேட்டேன். "கம்பெனி வேலையும் பாத்துக்கிட்டு எப்ப உக்காந்து இதை எழுதின?"

"புதுசா எங்க மிஸ் எழுதினேன்? அதே பழசுதான். விழும்னு இருந்த எடத்துல எல்லாம் விழுந்துச்சுன்னு மாத்தினேன். அம்புட்டுத்தான் சோலி."

கீழே வேப்பமரத்தடியில் பெருமாள்சாமி நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"என்ன ஆத்தா, எழுதிக் குடுத்துட்டாகளா?"

"குடுத்துட்டாகய்யா. நான் சொன்னது சரிதான்னு எழுதிக் குடுத்துட்டாக."

அவர் எங்கள் கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"இம்புட்டுப் பேரு படிச்சவுக இருக்கீக, இதுக்கு இம்புட்டு வருசமா?" என்றார்.